திரும்பி வந்த விமானங்கள்

புதுக்கோட்டைச் சாலையில் திருச்சி விமான நிலையத்தைக் கடக்கும்போது ஓடுபாதையின் முனையை ஒட்டி ஒரு சுற்றுச்சுவர் வரும். ஐந்தடி உயரம் இருக்கலாம். பஸ்ஸில் போகிறவர் திரும்பிப் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. 2018 அக்டோபர் 12 அன்று விடிந்தபோது அந்தச் சுவரின் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. இரவு ஒன்றரை மணி சுமாருக்கு துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737 ஒன்று அதை இடித்துக்கொண்டு மேலே ஏறிப் போயிருந்தது. 236 அடி ராஜகோபுரத்தை நிமிர்த்தி வைத்திருக்கிற ஊர் இது. இங்கே ஒரு ஜெட் விமானத்துக்கு ஐந்தடிச் சுவர் பெரிய தடையாகிவிட்டது.

சுவருக்கு முன்னால் அது இன்னொன்றையும் முறித்திருந்தது. ஓடுபாதை முடிந்த பிறகு குறுக்கே வரிசையாகக் கம்பங்கள் நிற்கும். லோக்கலைசர் ஆன்டெனா என்று பெயர். மறுமுனையிலிருந்து இறங்க வருகிற விமானத்துக்கு, நடுக்கோடு எங்கே என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. இறங்குகிறவர்களுக்கு வழிகாட்ட வைத்த கருவியை ஏறுகிற விமானம் உதைத்துவிட்டுப் போயிற்று. ஓடுபாதைக்கு அருகே வைக்கும் இந்த மாதிரிச் சாதனங்களை, விமானம் மோதினால் தாமாகவே முறிந்து வழிவிடும்படிதான் செய்வார்கள். சுவரை அப்படி நினைத்து யாரும் கட்டுவதில்லை. ஆனாலும் அது இடிந்து கொடுத்தது.

உள்ளே 130 பயணிகள், 6 ஊழியர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, எதிலோ உரசியிருக்கலாம் என்று தகவல் சொன்னார்கள். விமானிகள் கருவிகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. எனவே பயணம் தொடர்ந்தது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் பறந்த பிறகு, மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேல் பத்திரமாக இறங்கியது. இறங்கிய பிறகு எடுத்த படங்களில் விமானத்தின் அடிவயிறு கிழிந்திருந்தது. வேலிக் கம்பி சக்கரத்தோடு சிக்கிக்கொண்டு வந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. வேறொரு விமானத்தில் ஏற்றி எல்லோரையும் துபாய்க்கு அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கே வேலைக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் அதில் இருந்திருப்பார்கள்.

கிழிந்தது அடிவயிறு என்பதை யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊர் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் மல்லிகையும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவது அந்த வயிற்றில்தான். திருச்சி ஏர்போர்ட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குருவிகளும் அவர்கள் கடத்திவரும் தங்கமும்தான் ஞாபகம் வரும். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தது வேறு. நடுராத்திரியில் வாசலில் வந்து நிற்கும் வேன்கள், ஒருவனை வழியனுப்ப வந்த பத்துப் பதினைந்து பேர், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் எட்டிப் பார்க்கும் பெண். புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கடல் கடந்து போகிறவனுக்குச் சபுராளி என்றே பெயர். சபுராளியின் மனைவி, சபுராளியின் பிள்ளை என்று வீட்டு அடையாளங்களே அப்படித்தான். அந்த விமானம் சுமந்து போனது இவர்களைத்தான்.

மறுநாள் ஊரில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் ரெங்கன் காப்பாற்றினான். சமயபுரத்தில் ஆத்தா காப்பாற்றினாள், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு வீண்போகவில்லை. நத்தர்ஷா பள்ளிவாசலிலும் நன்றி சொல்லியிருப்பார்கள். இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. 136 பேர் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள், அதற்கு யாருக்காவது நன்றி சொல்லத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம், நன்றி சொன்னதோடு விஷயம் முடிந்துவிட்டதே என்பதுதான்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. இரண்டு விமானிகளையும் உடனே பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை அப்படிச் செய்வது வழக்கம். ஆனால் செய்தியைப் படித்த நமக்கு அதுவே தீர்ப்பு. இவர்கள் தப்பு செய்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். விமான விபத்துகளை விசாரிக்கும் மத்திய அரசின் விமான விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையை வெளியிட்டபோது, அதில் இருந்த காரணத்தை முதல் நாள் செய்தியைப் போல யாரும் பேசவில்லை. அந்தக் காரணம், ஒரு நாற்காலி.

அரசு விரைவுப் பேருந்தில் முன் இருக்கையின் சாய்வுப் பிடி நழுவி, அதில் இருந்தவர் நம் மடியில் வந்து விழுந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதேதான் அன்று விமானி அறையில் நடந்தது. ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது தலைமை விமானியின் இருக்கைச் சாய்வு பிடிப்பு விட்டுப் பின்னால் போயிற்று. அந்தத் தடுமாற்றத்தில், தெரியாமலே என்ஜின்களின் விசை குறைக்கப்பட்டுவிட்டது. 98 சதவீதத்தில் இருந்தது 77 சதவீதத்துக்கு இறங்கியது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. விசை குறைந்த விமானம் மேலெழ அதிக தூரம் எடுத்துக்கொண்டது. திருச்சி ஓடுபாதையின் நீளம் 8,136 அடி. ஆன்டெனாவும் சுவரும் அதற்குப் பிறகு இருப்பவை.

737 போன்ற விமானம் எழும்பும் நேரத்தில் நொடிக்கு 70 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். சாய்வு போய்விட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவே ஒரு மனிதனுக்கு இரண்டு மூன்று நொடி ஆகும். அந்த நொடிகளில் அவர் கண் முன்னால் பாதை இருந்திருக்குமா, கூரை இருந்திருக்குமா? பக்கத்தில் இருந்த துணை விமானி எதைப் பார்த்திருப்பார், சீனியர் சரிந்ததையா, எண்களையா? எண்களைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது. சரிதான். ஆனால் ஒரு மனிதன் பின்னால் சாயும்போது பக்கத்தில் இருப்பவன் அவனைத் திரும்பிப் பார்ப்பது எவ்வளவு இயல்போ, அதே அளவு ஆபத்து. இந்த இயல்பை எதிர்த்துத்தான் விமானிகளைப் பழக்குகிறார்கள். ஒருவர் மற்றவரையும் கருவிகளையும் கண்காணிப்பது, சந்தேகம் வந்தால் பெரியவர் சின்னவர் பாராமல் வாய்விட்டுச் சொல்வது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், துணை விமானி இறங்க வேண்டாம், மேலே ஏறிவிடலாம் என்று ஒரு தடவைக்கு மேல் சொல்லியும் தலைமை விமானி கேட்கவில்லை. சொல்லக் கற்றுக்கொண்டால் போதாது, கேட்கவும் வேண்டும். நம் ஊர் அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் நாம் வளர்ந்த விதத்துக்கு இது சுலபமான பாடமில்லை.

நாற்காலி ஒரு காரணமாக இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று. 2024 மார்ச்சில் சிட்னியிலிருந்து ஆக்லாந்து போய்க்கொண்டிருந்த லாடம் நிறுவனத்தின் 787 விமானம் நடுவானில் திடீரென்று தலைகுப்புறச் சரிந்தது. சுமார் ஐம்பது பேர் காயமடைந்தார்கள். அங்கும் காரணம் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம் தலைமை விமானியின் நாற்காலி. அது எதிர்பாராமல் முன்னால் நகர்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஆபிரகாம் வால்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விமானக்காரர் கிடையாது, புள்ளியியல்காரர். 1902இல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில், இன்று ருமேனியாவில் இருக்கும் க்ளூஜ் நகரில் பிறந்த யூதர். வியன்னாவில் கணிதம் படித்தார். 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். தப்பாமல் அங்கேயே இருந்த குடும்பத்தாரில் பெரும்பாலோர் நாஜிகளிடம் மாண்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காகக் கணக்குப் போட்டுக் கொடுத்த குழுவில் அவர் இருந்தார். அவர் முன்னால் வைக்கப்பட்ட கேள்விகளில் ஒன்று இது: போருக்குப் போய்த் திரும்பும் விமானங்களில் குண்டு துளைத்த ஓட்டைகளை வைத்து, எந்தப் பாகம் எவ்வளவு பலவீனமானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே ஓட்டை அதிகமோ அங்கே கவசம் போடு என்றுதான் நமக்கெல்லாம் தோன்றும். வால்ட் வேறு மாதிரி பார்த்தார். நம் கையில் இருப்பவை திரும்பி வந்த விமானங்கள் மட்டும். இறக்கையில் நூறு ஓட்டையோடு ஒன்று திரும்பியிருக்கிறது என்றால், இறக்கையில் அடிபட்டாலும் பிழைக்கலாம் என்றுதான் அர்த்தம். என்ஜினில் ஓட்டை விழுந்த விமானங்கள் குறைவாகத் தெரிகின்றன என்றால், அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்று பொருள். கவசம் போக வேண்டிய இடம் ஓட்டை இல்லாத இடம். இந்தக் கதை இன்று மேலாண்மை வகுப்புகளில் ஒரு படத்தோடு சுற்றிவருகிறது, சுற்றச் சுற்றக் கொஞ்சம் வளர்ந்தும் இருக்கிறது. அவர் எழுதியவை வறண்ட கணிதக் குறிப்புகள், தளபதிகளை ஒரே வாக்கியத்தில் வாயடைக்க வைத்த காட்சியெல்லாம் அவற்றில் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் கருத்து அவருடையதுதான்.

அந்த வால்ட் இறந்தது தமிழ்நாட்டில். மேலாண்மை வகுப்பில் படம் காட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சந்தேகம். இந்திய அரசின் அழைப்பின் பேரில் நாடு முழுக்க விரிவுரை ஆற்ற வந்திருந்தார். 1950 டிசம்பர் 13 அன்று அவரும் மனைவியும் ஏறிய ஏர் இந்தியாவின் டிசி-3 விமானம் கோத்தகிரிக்கு அருகே நீலகிரி மலையில் மோதியது. ரங்கசாமி தூண் என்று மக்கள் சொல்லும் பெரும்பாறைக்கு அருகில். ரங்கசாமி மலை இருளர்கள் கும்பிடும் மலை. பெருமாள் அங்கே வேறு கோலத்தில் இருக்கிறார், பட்டாச்சாரியாரும் தங்க விமானமும் இல்லாமல். டிசி-3இல் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. வால்டுக்கு வயது 48. திரும்பி வராத விமானங்களைக் கணக்கில் சேர்க்கச் சொன்னவர், அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டார்.

மலைகள் அதன் பிறகும் விடவில்லை. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ, சின்னமனூர் பக்கம் மேகமலையில் மோதி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

திரும்பாத விமானங்களையும் பேச வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது 1950களில்தான். ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன். ஒன்பது வயதில், 1934இல், ஒரு விமானம் கடலில் காணாமல் போனதில் தந்தையை இழந்தவர். விமானி அறையின் பேச்சையும் கருவிகளின் எண்களையும் பதிந்து வைத்துக்கொண்டு, விழுந்தாலும் அழியாத ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்றார். ஆரம்பத்தில் அவர் ஊரிலேயே அதற்கு வரவேற்பு இல்லை. இன்று கறுப்புப் பெட்டி என்று நம் பாட்டிகளுக்கும் அது தெரியும். திருச்சி விமானத்தின் 98 எப்போது 77 ஆனது என்று நமக்குச் சொன்னதும் அதே வகைப் பெட்டிதான். ஆனால் எத்தனை பேர் உயிரோடு திரும்பிய விமானத்தின் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிறோம்? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தபோது, டீக்கடை வரை எரிபொருள் சுவிட்சைப் பற்றிப் பேசினோம். மரணம் இருந்தால்தான் அறிக்கைக்கு வாசகன் கிடைக்கிறான்.

திருச்சிக்கும் திரும்பி வந்தவை, தப்பியவை என்று ஒரு வரலாறு உண்டு. 1938இல் டாடாவின் விமானங்கள் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை பறக்கத் தொடங்கின. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை இங்கே இருந்தது. 1949 டிசம்பரில் இலங்கையிலிருந்து வந்த ஏர் சிலோனின் டிசி-3 ஒன்று இங்கே இறங்கும்போது நொறுங்கியது. விமானம் போயிற்று, உயிர்கள் போகவில்லை. இதைத் திருச்சியில் இன்று எத்தனை பேர் அறிவார்கள்? உயிர் போயிருந்தால் ஒருவேளை ஒரு கல்லாவது நட்டிருப்பார்கள்.

அக்டோபர் 12 என்ற தேதிக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1976இல் அதே நாளில் மும்பையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் கேரவல் விமானத்தில் என்ஜின் பழுதாகித் தீப்பற்றியது. விமானி மும்பைக்கே திருப்பினார். ஓடுபாதையைத் தொடும் முன்பே விழுந்து 95 பேரும் இறந்தார்கள். 'பத்ரகாளி' படத்தின் நாயகி ராணி சந்திரா அதில் ஒருவர். நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் திருச்சி விமானம் அதே மும்பையில் சேதத்தோடு வந்து இறங்கியது. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் இதில் ஏதாவது கண்டுபிடிப்பார்கள். எனக்குத் தெரிவது, திரும்பி வருவதற்கும் வராமல் போவதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல சமயம் மிகச் சிறியது என்பது மட்டும். தீ எந்தப் பக்கம் பரவுகிறது, சுவர் எவ்வளவு உயரம் என்ற அளவில்தான்.

ஆறு ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 11. வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. பூஜை முடிந்து சுண்டலை ஆளுக்கொரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருந்த நேரம். லேப்டாப் மூடியில் சந்தனமும் குங்குமமும் இருந்ததால் யாரும் அதைத் திறக்கக் கூடாது. ஆனால் செல்போனுக்கு அந்த விதி எப்படியோ பொருந்துவதில்லை. மாடி வீட்டு மாமி கொலுவுக்கு வந்திருந்தார். டிவியில் ஷார்ஜா கிளம்பிய விமானம் ஒன்று ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி வானில் சுற்றிக்கொண்டிருப்பதாகச் சிவப்புப் பட்டையில் ஓடியது. என் போனில், விமானங்களைக் காட்டும் செயலியில், மஞ்சளாக ஒரு சின்ன விமானம் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே வட்டத்துக்கு மேல் வட்டமாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏண்டா, கீழே இறக்க வேண்டியதுதானே, என்னத்துக்குச் சுத்திண்டே இருக்கான்?"

"எடை குறையணும் மாமி. எண்ணெய் நிறைய இருக்கு."

"கொட்டிடறது."

"இந்த மாடல்ல வானத்துல கொட்ட வழி கிடையாது மாமி. எரிச்சுத்தான் தீர்க்கணும்."

"உள்ள இருக்கறவாளுக்கு இதெல்லாம் யாராவது சொல்றாளோ?" என்றார் மாமி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த விமானமும் 737தான். 737-800 ரகம் கிளம்பும்போது 79 டன் வரை இருக்கலாம், இறங்கும்போது 66 டன்னுக்கு மேல் இருப்பது நல்லதில்லை. நாலு மணி நேரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளை வைத்துக்கொண்டு உடனே இறங்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் சுமை. எனவே சுற்றினார்கள். மாலை 5.40க்குக் கிளம்பியது, இரவு 8.15 சுமாருக்கு இறங்கியது. 141 பயணிகள். கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையாக நின்றன. சக்கரம் ஒழுங்காக இறங்கியது, விமானம் வழக்கம்போல் தரையைத் தொட்டது. தெருவில் கைதட்டல் கேட்டது. முதலமைச்சர் விமானிகளைப் பாராட்டினார்.

இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆயுத பூஜை இரவில் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. உண்மையில் அந்த விமானம் எல்லாவற்றையும் முறைப்படி செய்துகொண்டிருந்தது. கோளாறு என்னவென்று விமானிகளுக்குத் தெரியும். 737இல் இரண்டு முதன்மை ஹைட்ராலிக் அமைப்புகளும் மாற்றுக்கு ஒன்றும் உண்டு. மொத்தமும் போனாலும் கம்பி வழியாகக் கைபலத்தில் ஓட்டுவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. நேரம் இருந்தது, புத்தகத்தில் வழிமுறை இருந்தது, கீழே ஆட்கள் இருந்தார்கள். 2018இன் இரவில் இவற்றில் எதுவுமே இல்லை. என்ன நடந்தது என்று விமானிகளுக்கே தெரியவில்லை. கிழிந்த வயிற்றோடு 136 பேர் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது திருச்சி தூங்கியது, டிவி தூங்கியது, போனில் யாரும் கோடு பார்க்கவில்லை. நாம் பயந்த இரவும் பயந்திருக்க வேண்டிய இரவும் வேறுவேறு. நம் பயத்தை நம்பி ஒன்றும் அளக்க முடியாது. அளப்பதற்கு அறிக்கைதான் உண்டு.

வால்டின் கேள்வியைத் திருச்சி நாற்காலியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒரு சாய்வு நழுவி ஒரு சுவர் இடிந்தது, அது நமக்குத் தெரியும். விமானம் நிற்கும்போது நழுவிய சாய்வுகள் எத்தனை? நடுவானில் நழுவி, விமானி இழுத்துச் சரிசெய்துகொண்டு, இறங்கிய பின் குறிப்பேட்டில் எழுதாமல் வீட்டுக்குப் போனவை எத்தனை? எழுதியும், பார்த்துவிட்டோம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுப்பப்பட்டவை எத்தனை? ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது, இடிந்த சுவரில் இல்லை. அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு வேலை செய்துவருகிறது. விமானிகளும் மெக்கானிக்குகளும் கட்டுப்பாட்டாளர்களும் தங்களுக்கு நேர்ந்த சின்னச் சின்னத் தவறுகளை, மயிரிழையில் தப்பியவற்றை, ரகசியமாக எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு மற்றவர்கள் படிக்கத் தருகிறார்கள். எழுதினால் வேலை போகாது என்று தெரிந்தால்தான் ஆள் எழுதுவான். செய்தி வந்த அன்றே விமானிகளைத் திட்டித் தீர்க்கும் நாட்டில், நாற்காலி ஆடுகிறது என்று எழுத ஒருவனுக்குக் கை வருமா?

சர்வதேச விதிகளிலேயே இது இருக்கிறது. விபத்தை விசாரிப்பதன் நோக்கம் அடுத்தது நடக்காமல் தடுப்பது, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது வேறு வேலை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2012இல் இதற்கெனத் தனிப் பிரிவு வந்தது, 2017இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டன. அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. குறை அங்கே இல்லை. அவை ஆங்கிலத்தில், விமானிக்கும் பொறியாளருக்கும் மட்டுமே புரியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கீரனூரிலிருந்து ஷார்ஜா போகிறவனுக்கு, தான் ஏறிய விமானத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவன் டிக்கெட் பணத்தில்தான் திருச்சியிலிருந்து இத்தனை வெளிநாட்டு விமானங்கள் பறக்கின்றன.

தமிழில் இதையெல்லாம் எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, சிவில் விமானத் துறையில் வேலை பார்த்த ஒருவர்தான் பிறகு 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று தமிழ்நாட்டுக்கே அறிவியல் சொன்னார். சுஜாதா கையில் அந்த நாற்காலி அறிக்கை கிடைத்திருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பக்கமாக்கித் தந்திருப்பார், நடுவில் ஒரு குறும்பும் இருந்திருக்கும். அவருக்குப் பிறகும் இந்த ஊரில் எழுதத் தெரிந்த பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை.

2024இல் திறந்த புது முனையத்தின் முகப்பில் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தின் சாயலை வண்ணமாகத் தீட்டியிருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது. அதன் உள்ளே, வழியனுப்ப வந்தவர்கள் காத்து நிற்கும் இடத்தில் ஒரு பலகை வைக்க இடமில்லாமல் போகாது. இந்த விமான நிலையத்தில் இன்றுவரை நடந்த விபத்துகள், தப்பியவை, அவற்றின் காரணம், அதற்குப் பிறகு என்ன மாற்றினார்கள் என்று நாலு வரி தமிழில். பயணிகள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். மாமி கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோதுதான் பயம் வருகிறது.

எனவே கேட்பது இவ்வளவுதான். தமிழ்நாட்டு விமான நிலையங்களைச் சேர்ந்த ஒவ்வொரு விபத்து அறிக்கைக்கும் தமிழில் ஒரு சுருக்கம், மூல அறிக்கை வரும் அதே நாளில் வெளிவர வேண்டும். முதலில் 2018 அக்டோபர் 12 அறிக்கைக்கு. இதை விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்கலாம், திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம். வீட்டில் ஒரு சபுராளி இருப்பவர்கள் முதல் கடிதத்தை எழுதுங்கள்.